குழந்தைகளைத் தனியே அனுப்ப ஏன் அஞ்சுகிறோம்?

ஜூன் மாதத்து மாலை ஒன்றில், சட்னி அரைக்கப் பொட்டுக்கடலை இல்லை என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பத்து வயது நிரம்பிய என் மகள், "நான் போய் வாங்கிட்டு வரேம்ப்பா, தனியா" என்றாள். கொட்டிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாசலிலிருந்து அண்ணாச்சி கடை 200 மீட்டருக்குள்தான் இருக்கிறது. இடையில் பெரிய சாலை எதுவும் இல்லை. இரண்டு திருப்பங்கள், ஒரு பிள்ளையார் கோயில், ஓர் இஸ்திரி வண்டி, அவ்வளவுதான். ஆனாலும் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "வேண்டாம்." ஏன் என்று கேட்டாள். "வண்டி வரும்" என்றேன். "வந்தா ஓரமா நிப்பேன்" என்றாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. இருந்தும் அன்று நானே போய் வாங்கி வந்தேன்.

திரும்பி வரும் வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கும்பகோணத்தில் எட்டு வயதில் நான் ரேஷன் கடைக்குப் பையும் அட்டையுமாகத் தனியே போயிருக்கிறேன். பள்ளிக்கு நடந்தே போனேன். மழைக்காலத்தில் நனைந்தே வந்தேன். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது மட்டுமே விதி. அதே ஊரில், அதே ஆண்டுகளில், என் வகுப்பில் படித்த ஒருவன் ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை என்பதும் நினைவில் இருக்கிறது. ஆகவே, அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்க விரும்புவது வேறு. எந்த ஆபத்திலிருந்து நாம் குழந்தைகளைக் காக்கிறோம்? அந்தக் காவலுக்கு என்ன விலை கொடுக்கிறோம்? அந்த விலையை உண்மையில் கொடுப்பது யார்?

சுருங்கிப்போன எல்லை

இது சென்னைக்கு மட்டுமே உரிய மாற்றம் அன்று. இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1971இல் அங்கே ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 சதவீதத்தினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். அதே பள்ளிகளில் 1990இல் மீண்டும் கேட்டபோது அந்த விகிதம் 9 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரு தலைமுறைக் காலம்கூட ஆகவில்லை.

அந்த ஆய்வின் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அதே கால அளவில் இங்கிலாந்துச் சாலைகளில் வாகனங்கள் பெருகின. ஆனால் சாலைகளில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசுத் தரப்பு அதற்குப் பொருள் கொண்டது. ஹில்மன் அதை மறுத்தார். சாலை பாதுகாப்பாகவில்லை, குழந்தைகள் சாலையிலிருந்து அகற்றப்பட்டுவிட்டார்கள் என்றார். ஆற்றில் முதலை பெருகிய பிறகு, குளிக்க யாரும் இறங்காததால் சாவு குறைந்தது என்றால், ஆறு தூய்மையாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கொட்டிவாக்கம் 2011 வரை ஊராட்சியாக இருந்தது. அதன் பிறகே சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. கிழக்கே கடலும் மீனவர் குப்பமும், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையும், மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களுமாக இருக்கிறது இந்தப் பகுதி. மனைகள் அடுக்ககங்களாயின. அடுக்ககங்களுக்குள் கார் நிறுத்துமிடம் வந்தது. கார் நிறுத்துமிடத்தின் சுவரில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை வந்தது. எங்கள் வளாகத்தில் 11 குழந்தைகள் இருக்கிறார்கள். பெரியவர் துணையின்றி வாசல் கதவைத் தாண்டும் அனுமதி அவர்களில் ஒருவருக்கும் இல்லை. நீச்சல், கராத்தே, அபாகஸ், வீணை என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் போகிறார்கள். ஆனால், எங்கும் அவர்களாகப் போவதில்லை, கொண்டுபோகப்படுகிறார்கள்.

அச்சம் எங்கே, ஆபத்து எங்கே?

பெற்றோரின் அச்சம் வெற்றுக் கற்பனை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு நாளும் செய்தித்தாளைப் பிரிக்கும் எவருக்கும் அது தெரியும். ஆனால், அச்சம் ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருக்கக்கூடும். நம்முடைய நிலைமை பெரும்பாலும் அதுதான்.

முதலாவது அச்சம், முன்பின் தெரியாத மனிதர். குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பணிக்கு வருபவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 2018இல் அயனாவரத்தில் வெளிவந்த கொடுமையை நினைத்துப் பார்க்கலாம். அது இருட்டுச் சந்தில் நடக்கவில்லை. காவலாளிகளும் மின்தூக்கி இயக்குபவர்களும் உள்ள பெரிய அடுக்ககத்துக்குள், பல மாதங்களாக நடந்தது. அந்த வளாகத்தின் பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் அமர்த்தப்பட்டவர்களே குற்றவாளிகளாக நின்றனர். 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டனர். மதில் உயரமாக இருந்தது. கதவில் ஆள் இருந்தார். அந்தக் குழந்தைக்கு அவை எதுவும் உதவவில்லை. தன் உடல் தன்னுடையது, பிடிக்காததை மறுக்கலாம், நடந்ததை அஞ்சாமல் வீட்டில் சொல்லலாம் என்ற பழக்கமே ஒரு குழந்தைக்கு முதல் காவல். எல்லா முடிவுகளையும் பிறர் எடுத்துப் பழகிய குழந்தைக்கு மறுத்துப் பேசும் குரல் எளிதில் வராது.

இரண்டாவது அச்சம், வாகனம். இது முற்றிலும் உண்மையான அச்சம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். குழந்தைகளின் உடலமைப்பும் இதில் அவர்களுக்கு எதிராக இருக்கிறது. ஓடிவரும் வாகனத்தின் வேகத்தை, அதன் உருவம் கண்ணில் பெரிதாகும் விதத்தைக் கொண்டே மூளை கணிக்கிறது. தொடக்கப் பள்ளி வயதில் அந்தத் திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் விரைந்து வரும் வண்டியை அந்த வயதினரால் நம்பகமாக உணர முடிவதில்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 32 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரைப் பின்னால் வரும் வண்டிகள் ஒலியெழுப்பியே ஓரங்கட்டிவிடும். ஆகவே, பத்து வயதுக் குழந்தையை அந்தச் சாலையைத் தனியே கடக்க நானும் அனுப்ப மாட்டேன். ஆனால், இந்த ஆய்வு சொல்வது குழந்தையின் குறையை அன்று. குடியிருப்புப் பகுதியில் வாகனம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதற்கான அளவுகோலை.

மூடிய வாகனமும் முழுப் பாதுகாப்பு அன்று என்பதைச் சென்னை மறந்திருக்காது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் அந்த ஆண்டே வந்தன. அந்தச் சாவுக்குப் பிறகு பேருந்துகளைச் சீர்செய்ய விதி வகுத்தோம். சாலையில் நடப்பவர்கள் சாகும்போது சாலையைச் சீர்செய்வதில்லை. நம் குழந்தையை நடக்க விடாமல் நிறுத்திக்கொள்கிறோம்.

தெருவைக் காலி செய்தவர்கள்

இங்கேதான் இது தனிப்பட்ட வளர்ப்பு முறை என்ற எல்லையைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மையாருக்கு என் மகள் வயதிலேயே ஒரு மகள் இருக்கிறாள். அந்தச் சிறுமி காலையில் தம்பியைத் தயார் செய்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகிறாள். மாலையில் அதே சாலையைக் கடந்து வருகிறாள். கடைக்குப் போகிறாள், தண்ணீர் லாரி வந்தால் குடம் வைக்கிறாள். "பயமா இல்லையா?" என்று அவள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "இருக்கு சார். என்ன பண்ணச் சொல்றீங்க? நான் வேலைக்கு வரணுமில்ல" என்றார்.

தற்சார்பு என்று நாம் கட்டுரை எழுதும் ஒன்று, அந்தச் சிறுமிக்குத் தேர்வு அன்று, கட்டாயம். அவளுடைய திறமையைக் கண்டு வியப்பது எளிது. ஆனால், அவள் கடக்கும் சாலையை அபாயமாக்குவதில் நம் பங்கு என்ன என்று பார்ப்பது கடினம். காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசல்களில் திரளும் கார்களும் வேன்களும், தத்தம் குழந்தையைப் பாதுகாப்பாகக் கொண்டுவிட வந்தவைதாம். ஒவ்வொரு வண்டியும் உள்ளே இருக்கும் குழந்தையைக் காக்கிறது. வெளியே நடக்கும் குழந்தைக்கு ஆபத்தைக் கூட்டுகிறது. அதைப் பார்த்து அஞ்சும் இன்னொரு பெற்றோரும் வண்டி வாங்குகிறார். இந்தச் சுழலுக்கு முடிவு இல்லை.

குழந்தைகளைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டபோது நாம் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டோம். நகரில் குரல் உள்ளவர்களின் குழந்தைகள் நடந்துகொண்டிருந்த வரை, நடைபாதை உடைந்தால் மனு போகும். விளக்கு எரியாவிட்டால் தொலைபேசி அழைப்பு போகும். இப்போது நடப்பவர்கள் பெரும்பாலும் குரல் எடுபடாதவர்களின் பிள்ளைகள். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய மாநகராட்சிகளில் அது முன்னோடி முயற்சி. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் தொடர்ச்சியான நடைபாதை அமைப்பது அதன் இலக்குகளுள் ஒன்று. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது அந்தக் கொள்கையின் ஒரு முகத்தைக் கண்டோம். ஆனால், கடைத்தெருவில் கிடைத்த அந்த அகலம் குடியிருப்புத் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. வரவில்லையே என்று நாம் கேட்கவும் இல்லை. ஏனென்றால் நம் பிள்ளைகள் அங்கே நடப்பதில்லை.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தத் தூரம் ஒரு குழந்தையின் கால்களைக் கருதி வகுத்தது. நடுத்தர வகுப்பினர் அருகில் உள்ள பள்ளியை விட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியைத் தேர்ந்த அன்றே, குழந்தை நடந்து போகும் வாய்ப்பும் முடிந்துபோனது. நானும் அந்தத் தேர்வைச் செய்தவன்தான்.

தனியே இருக்கும்போது கற்பவை

காவலுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்ற கேள்விக்கு உளவியல் ஓரளவு விடை தருகிறது. நார்வே நாட்டு ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், குழந்தைகள் விரும்பித் தேடும் துணிகர விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம் ஏறுவது, வேகமாகச் செல்வது, கூரிய கருவிகளைக் கையாள்வது, நீர், நெருப்பு போன்றவற்றின் அருகே விளையாடுவது, கட்டிப்புரண்டு மல்லுக்கட்டுவது, பெரியவர் பார்வையிலிருந்து விலகித் திரிவது ஆகியவை அவை. மாமரமும் பம்பரமும் ஆற்றங்கரையும் கபடியும் கண்ணாமூச்சியும் இருந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இராது. சிறு அளவில் அச்சத்தைச் சந்தித்து, அதைக் கடந்து வருவதன் மூலமே குழந்தை தன் அச்சத்தை ஆளக் கற்கிறது என்பது இவ்வகை ஆய்வுகளின் சாரம்.

அமெரிக்க உளவியலாளர் பீட்டர் கிரே இரு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2023இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமெரிக்கக் குழந்தைகளிடம் பல பத்தாண்டுகளாகப் பெருகிவரும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும், பெரியவர் கண்காணிப்பின்றி விளையாடவும் உலவவும் இருந்த வாய்ப்புகள் குறைந்தது ஒரு முதன்மைக் காரணம் என்று அது வாதிடுகிறது. கைபேசியையும் சமூக ஊடகத்தையுமே முதற்காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காண ஆய்வு தேவையில்லை. தெருவுக்குப் போகக் கூடாது என்று அடைத்த குழந்தைக்குக் கையில் மீதமிருப்பது திரைதான். வாசலில் காவல் வைத்த நாம் திரைக்குள் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இருபது மாதங்களில் வீடு, திரை, பெற்றோர் என்ற முக்கோணத்துக்குள் வளர்ந்த பழக்கங்கள் நோய்த்தொற்று ஓய்ந்த பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை.

இதன் விளைவைக் கல்லூரி விடுதிகளில் காணலாம். பதினேழு வயது வரை ஒரு பேருந்தில்கூடத் தனியே ஏறாத பிள்ளை, பதினெட்டாவது வயதில் ஒரே நாளில் வேற்றூரில் தனியே விடப்படுகிறான். பணம், நேரம், நட்பு, தோல்வி எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம். நீச்சல் தெரியாதவனைப் படிப்படியாக இறக்காமல், வயது வந்துவிட்டது என்று நடுக்குளத்தில் தள்ளுவது போன்றது இது.

பெண் குழந்தைக்கு மட்டும் தனி எல்லை

மகன்களைப் பெற்ற நண்பர்கள், "உங்களுக்குப் பெண், அதனால் இன்னும் கவனம் வேண்டும்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதே அளவுக்கு அநீதியும் உண்டு. பூப்பெய்தும் வயதில் ஆண் பிள்ளையின் உலகம் விரிகிறது. பெண் பிள்ளையின் உலகம் சுருங்குகிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் மானம், ஊர்ப்பேச்சு, சாதி, பின்னாளில் அவள் யாரை மணக்கலாம் என்பது வரை பலவும் ஒளிந்திருக்கின்றன. அக்கறை எது, கட்டுப்பாடு எது என்று பிரித்துப் பார்க்கும் கடமை பெற்றோருக்கு உண்டு.

இந்த எல்லையை விரித்த வரலாறும் தமிழகத்துக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் கையில் கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, பல்லாயிரம் ஊர்ப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கேலிப் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டேதான் கற்றனர். இதழாளர் பி.சாய்நாத் அதை நாடறியப் பதிவுசெய்தார். 2001-02இல் தமிழக அரசு பதினோராம் வகுப்பில் படிக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கியது. பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லா மாணவ மாணவியருக்கும் அது விரிந்தது. பிகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி தந்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் 32 சதவீதம் கூடினர் என்றும் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டனர். ஒரு பெண் தனியே போய்வர வழி கிடைத்தால் அவளுடைய கல்வியும் நீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறர் எப்படிச் செய்கிறார்கள்?

ஜப்பானில் மிகச் சிறு குழந்தைகள் முதன்முறையாகத் தனியே கடைக்குப் போவதைக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1991 முதல் ஒளிபரப்பாகிறது. நெட்ஃப்ளிக்ஸ் வழியாக 2022இல் அது உலகெங்கும் பரவியபோது பலர் வியந்தனர். அந்தக் குழந்தைகளைச் சுற்றிப் படப்பிடிப்புக் குழு மறைந்து நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால், ஆறு வயதில் மஞ்சள் தொப்பியுடன் குழுவாக நடந்து பள்ளிக்குப் போவது அங்கே நிகழ்ச்சி அன்று, அன்றாடம். மூத்த மாணவர் முன்னும் பின்னும் வர, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் திருப்பங்களில் நிற்க, ஊரே அந்த நடையைப் பொறுப்பேற்றுக்கொள்கிறது.

இத்தாலியின் ஃபானோ நகரில் 1991இல் பிரான்செஸ்கோ டொனூச்சி என்ற கல்வியாளர் 'குழந்தைகளின் நகரம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். குழந்தை தனியே நடக்க முடிகிற நகரமே முதியவரும் மாற்றுத்திறனாளியும் நடக்க முடிகிற நகரம் என்பது அவர் கருத்து. குழந்தைகள் தாமே பள்ளிக்குப் போகும் வழிகளில், உதவி தேவைப்பட்டால் நுழையலாம் என்று கடைக்காரர்கள் தம் கடைகளை அடையாளப்படுத்தினர். நியூயார்க்கின் தெருக்களைக் கண்டு ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே எழுதியதும் இதைத்தான்: தெருவைக் காப்பவை அங்கு எப்போதும் இருக்கும் கடைக்காரர்களின், வாசலில் அமர்ந்திருப்பவர்களின் கண்கள். அமெரிக்கா அதை மறந்தது. 2008இல் லெனோர் ஸ்கெனாஸி என்ற இதழாளர் தன் ஒன்பது வயது மகனை நியூயார்க் சுரங்க ரயிலில் தனியே வரவிட்டதை எழுதியபோது நாடே அவரைக் கடிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018இல், குழந்தை தனியே நடப்பதையும் விளையாடுவதையும் பெற்றோரின் புறக்கணிப்பாகக் கொள்ளக் கூடாது என்று யூட்டா மாநிலம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

நாம் அந்த நிலைக்குப் போக வேண்டியதில்லை. நம் தெருக்களில் இன்னும் கண்கள் இருக்கின்றன. அண்ணாச்சி இருக்கிறார், இஸ்திரிக்காரர் இருக்கிறார், மாலையில் பூக்கட்டும் பாட்டி இருக்கிறார், ஆட்டோ நிறுத்தத்தில் நால்வர் இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் முன்பின் தெரியாதவர் என்ற ஒரே சொல்லில் அடைத்து, குழந்தையிடம் அஞ்சச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

என்ன செய்யலாம்?

ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது. 5ஆம் பிரிவு, குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது. திறன் வளர வளரப் பிடி தளர வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரே நாளில் கையை விடுவதை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் இதைப் படிப்படியாகச் செய்யலாம். முதலில் குழந்தை வழி காட்டட்டும். பெரியவர் உடன் நடக்கட்டும். எங்கே நிற்பது, எப்போது கடப்பது என்பதை அவளே சொல்லட்டும். அடுத்து இருபது அடி பின்னால் வரலாம். பிறகு, பெரிய சாலை குறுக்கிடாத ஒரு கடைக்கு, ஒரு பொருளுக்கு, தெரிந்த நேரத்தில் அனுப்பலாம். இரண்டு கைபேசி எண்களை மனப்பாடம் செய்ய வைக்கலாம். வழி தவறினால் அருகில் உள்ள கடைக்குள் நுழைந்து உதவி கேட்கவும், யார் அழைத்தாலும் வீட்டுக்குத் தெரியாமல் உடன் போகாமல் இருக்கவும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லவும் பழக்கலாம். விலக்குகளும் வேண்டும். எங்கள் பகுதிக் கடலில் அலையின் இழுப்பு பெரியவர்களையே கொண்டுபோகும். ஆகவே நீருக்குள் தனியே இறங்கக் கூடாது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையும் இப்போதைக்கு அப்படியே. எது கூடாது என்பது சிலவாகவும் தெளிவாகவும் இருந்தால், மற்றவற்றில் தாராளமாக இருக்க முடியும்.

அடுக்ககச் சங்கங்கள் மாலையில் ஒரு மணி நேரமாவது கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்கு விடலாம். ஒரே தெருவில் உள்ள நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நடந்தால் நான்கு வண்டிகள் குறையும். அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோர் வந்தால்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளையையும் வெளியே விடுவோம் என்ற பள்ளிகளின் விதி, எழுத்து மூலமான பெற்றோர் ஒப்புதலுக்கு இடம் தரலாம். நகர நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இன்னும் எளியவை: பள்ளியைச் சுற்றிய தெருக்களில் 30 கிலோமீட்டர் வேக வரம்பு, அதை நிலைநிறுத்த வேகத்தடை, தொடர்ச்சியான நடைபாதை, குழந்தையின் நடைக்குப் போதுமான நேரம் தரும் குறுக்குச் சாலை விளக்கு. பெரிய சாலையை அகலப்படுத்தத் திட்டமிடும் பொறியாளர், வண்டிகள் எத்தனை போகும் என்று எண்ணுவது போலவே, அதைக் கடக்கும் பிள்ளைகள் எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

பொட்டுக்கடலைக்கு இரண்டு வாரங்கள் கழித்து, கொத்தமல்லிக் கட்டு வாங்க மகள் தனியே போனாள். போக வர எட்டு நிமிடம் என்று நான் கணக்கிட்டிருந்தேன். பதினைந்து நிமிடங்கள் ஆயின. அந்த ஏழு நிமிடங்களில் நான் இரண்டு முறை செருப்பை மாட்டிக் கழற்றினேன். வந்தவள், இஸ்திரி வண்டிக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றும், நான்கில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வால் என்றும் சொன்னாள். கொத்தமல்லி வாடியிருந்தது, நல்லதாகப் பார்த்து வாங்க இனிமேல்தான் கற்க வேண்டும். இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போய்வருகிறாள்.

எங்கள் வீட்டு அளவில் இந்தக் கேள்விக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது. ஆனால், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய சாலையைக் கடக்கும் இன்னொரு பத்து வயதுச் சிறுமிக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. என் மகளும் ஒருநாள் அந்தச் சாலையைத் தனியே கடக்க வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்பினால், அதைச் சீர்செய்யச் சொல்லிக் கொடுக்க வேண்டிய மனு என்னிடமிருந்தே தொடங்க வேண்டும். அந்த மனுவில் இரண்டு சிறுமிகளும் இருக்க வேண்டும்.